வாசகர் கேள்வி பதில்: ஒரு நிமிடத்தில் 15 குண்டுகள்

கேள்வி: கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. முகாமில் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியால் சுட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டை) இழுத்துத் தள்ளி மறுபடி குறி பார்ப்பதற்குள் நெடுநேரம் ஆகிவிடும். முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதே வகைத் துப்பாக்கியால் நிமிடத்திற்கு 15 குண்டுகள் சுட்டார்கள் என்கிறார்கள். அது எப்படி முடிந்தது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் சுட்ட .303 துப்பாக்கியின் பெயர் லீ-என்ஃபீல்டு. அன்றைய பிரிட்டிஷ் படையில் அந்த வேகம் அருஞ்செயலாகக் கருதப்படவில்லை, சிப்பாய்களின் வழக்கமான பயிற்சிகளுள் ஒன்றாகவே இருந்தது. 1909ஆம் ஆண்டின் துப்பாக்கிப் பயிற்சி விதிகளின்படி, சிப்பாய் குப்புறப் படுத்து, 300 கெஜத்துக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ 274 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை நோக்கி ஒரு நிமிடத்தில் 15 முறை சுட வேண்டும். தொடக்கத்தில் துப்பாக்கிக்குள் 5 தோட்டாக்கள் மட்டுமே இருக்கும். எஞ்சியவற்றைப் பையிலிருந்து எடுத்து, ஐந்தைந்தாகக் கோத்த சார்ஜர் எனப்படும் உலோகப் பட்டைகளால் நிரப்பிக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போரில், எதிரிகளின் ஜெர்மானிய மவுசர் துப்பாக்கிகள் ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் ஏற்றிக்கொள்ள, பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகே பிரிட்டிஷ் துப்பாக்கியிலும் சார்ஜர் முறை வந்தது. இங்கிலாந்தின் ஹைத் நகரில் இருந்த துப்பாக்கிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநராக இருந்த மக்மேகன் என்ற அதிகாரி கூடுதல் இயந்திரத் துப்பாக்கிகள் கேட்டும் கிடைக்காததால், சிப்பாயின் கைத் துப்பாக்கியையே விரைவாக இயக்கும் பயிற்சியை வற்புறுத்தினார்.

கை அவசரப்பட்டால் வேகம் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் முகாமில் நேரம் எங்கே போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்: புதிதாகச் சுடுகிறவர் குண்டு வெளியேறியதும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, போல்ட்டைப் பார்த்து இழுத்துத் தள்ளி, மீண்டும் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, இலக்கைத் தேடுவார். பழகிய சிப்பாயோ துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளிலிருந்து எடுப்பதே இல்லை. இடது கை துப்பாக்கியைத் தாங்கி நிற்க, முழங்கைகள் தரையை விட்டு நகராதிருக்க, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போல்ட்டின் குமிழைப் பற்றி உயர்த்தி, கடைசி வரை இழுத்து, அதே வீச்சில் முன்னே தள்ளி மூடும். கண் இலக்கிலேயே இருக்கும். கண்டாங்கிச் சேலை நெய்கிறவரின் கண் நூலில் நிற்க, கை தானாக நாடாவை ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். போல்ட் மூடியதும், இரண்டு கட்டமாக இழுபடும் டிரிக்கரின் முதல் இழுப்பை எடுத்துவிட்டு, மூச்சை ஒரு கணம் நிறுத்தி, குறி சேர்ந்தவுடன் இரண்டாம் இழுப்பை முடிக்க வேண்டும். போல்ட் ஓடும் நேரமே மூச்சு விடும் நேரம்.

60 விநாடிகளை 15 ஆல் வகுத்தால் ஒரு குண்டுக்கு 4 விநாடிகள் வரும். தோட்டா நிரப்புவதற்கு 10 விநாடிகள் போனாலும் ஒரு குண்டுக்கு மூன்று விநாடிகளுக்கு மேல் மிஞ்சும்; குறி பார்க்க அது போதுமான நேரம். முதல் ஐந்தைச் சுட்டதும் இரண்டு சார்ஜர்களையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டால் இடைநிறுத்தம் ஒன்றோடு முடிந்துவிடும்; மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டியில் 10 தோட்டாக்கள் கொள்ளும். இந்தப் பழக்கம் கைவர, போலித் தோட்டாக்களை வைத்துக்கொண்டு பயிற்றுநர் முன்னிலையில் மெதுவாகத் தொடங்கித் திரும்பத் திரும்பச் செய்வார்கள். குறி தவறிய குண்டு கணக்கில் சேராது என்பதால், வேகத்தைக் கடைசியாகத்தான் கூட்ட வேண்டும்.

கேள்வி: ஜெர்மானியரின் மவுசர் இதைவிடச் சிறந்த துப்பாக்கி என்கிறார்களே, அதில் இந்த வேகம் வராதா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நிதானமாக ஒரு குண்டைத் துல்லியமாகச் செலுத்த மவுசர் மிகச் சிறந்தது, அதன் போல்ட் முன்புறத்தில் பூட்டிக்கொள்வதால் உறுதி அதிகம். விரைவுச் சுடுதலில் லீ-என்ஃபீல்டுக்கே என் வாக்கு. மவுசரின் கைப்பிடியை 90 பாகை உயர்த்த வேண்டும். லீ-என்ஃபீல்டில் ஏறத்தாழ 60 பாகை போதும். மவுசரில் சுருள்வில் பெரும்பாலும் போல்ட்டைத் திறக்கும்போதே இறுகுவதால், சூடேறி ஒட்டிக்கொண்ட வெற்றுத் தோட்டாவைப் பிடுங்கும் வேலையோடு அந்தச் சுமையும் சேர்கிறது. லீ-என்ஃபீல்டில் மூடும்போதே வில் இறுகும்; முன்னே தள்ளுகிற கையின் விசையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மவுசரின் மேகசினில் 5 தோட்டாக்கள் மட்டுமே.

கேள்வி: அவசரத்தில் தோட்டா சிக்கிக்கொள்வது ஏன்?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: பெரும்பாலும் இரண்டு காரணங்கள். போல்ட்டைக் கடைசி வரை இழுக்காவிட்டால் வெற்றுத் தோட்டா வெளியே விழாது, அல்லது அடுத்த தோட்டா போல்ட்டின் முன் ஏறாது. மற்றது விளிம்புச் சிக்கல்: .303 தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் அமைந்துவிட்டால், முன்னே நகரும்போது அதில் தட்டி நின்றுவிடும். தனித்தனியாக நிரப்பும்போது மேல் விளிம்பு முன்னால் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பர்மாவில் தொழில் செய்த எங்கள் ஐயாவின் பெட்டகத்தில் பழைய .303 துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் பழகலாமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கூடாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .303 போல்ட் துப்பாக்கிகள் கட்டுப்படுத்தப்பட்ட வகையைச் சேர்ந்தவை. சாதாரண உரிமம் இதற்குச் செல்லாது. உள்ளே தோட்டா இருக்கக்கூடும் என்பதால் போல்ட்டையும் டிரிக்கரையும் தொடாமல், குழந்தைகள் அணுகாதபடி அறையைப் பூட்டிவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படையுங்கள். சுடும் கலையில் ஆர்வம் இருந்தால் மதுரையில் உள்ள ரைபிள் கிளப்பில் சேர்ந்து, ஏர் ரைபிளிலும் பின்னர் .22 துப்பாக்கியிலும் முறையாகக் கற்கலாம். தோள், கன்னம், மூச்சு, டிரிக்கர் ஆகிய நான்கும் அங்கேயும் இதே ஒழுங்கில்தான் கற்பிக்கப்படுகின்றன.