மண்டையோடும் சுருட்டும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஈப்போவில் ஒரு கல்லூரியில் அசைபடம் படிக்கிறேன். பழைய வீடியோ கேம் பாத்திரம் ஒன்றை இன்றைய மறுவருகைக்கு ஏற்றபடி புதிதாக வரைய வேண்டும் என்பது இந்தத் தவணையில் எங்களுக்குக் கொடுத்த வேலை. நான் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் தால்சிமை எடுத்துக்கொண்டேன். மாமா அந்தக் காலத்தில் அதை ஆடியவர். “முதலில் அந்த மண்டையோட்டு மாலையைக் கழற்று, நம்மைக் காட்டுமிராண்டியாகக் காட்டுகிறது” என்கிறார். விரிவுரையாளரோ, அதுதான் அவனுடைய அடையாளம், தொடக்கூடாது என்கிறார். மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

ச., சுங்கை சிப்புட்

அன்புள்ள ச.,

படங்களைத் திறப்பதற்கு முன்பே நான் மாமாவின் கட்சிக்குப் போய்விட்டேன். காரணம் சொல்கிறேன்.

1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகம் வந்தது. அது நம் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் தோட்டத்துப் பையன். ஞாயிற்றுக்கிழமை பால்வெட்டு கிடையாது. அப்பா கொடுக்கும் ஒரு வெள்ளியோடு பட்டணத்து விளையாட்டுக் கடைக்குச் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். இருபது காசுக்கு ஓர் ஆட்டம். தேர்ந்தெடுக்க எட்டுப் பேர் இருந்தார்கள். இந்தியா என்று போட்டு நின்றவன் ஒருவன்தான். எலும்பும் தோலுமான உடம்பு, கிழிந்த காற்சட்டை, மொட்டைத் தலை, கழுத்தில் மூன்று மண்டையோடு. வாயைத் திறந்தால் நெருப்பு, குத்தினால் கை ரப்பர் போல நீளும். கடையில் இருந்த மற்றப் பையன்கள் அவனைப் பார்ப்பார்கள், பிறகு எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் அவனைச் சாமியார் என்று கூப்பிட்டோம்; ஆனால் தொட மாட்டோம். ரியூவையும் கென்னையும் எடுத்து ஆடிவிட்டு வந்துவிடுவோம்.

உங்கள் மாமாவின் கோபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கூச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் இரண்டாவது படமே சாட்சி. மண்டையோட்டைக் கழற்றி ருத்திராட்சம் போட்டீர்கள். மார்பை விரித்து, வயிற்றில் ஆறு கட்டு வைத்தீர்கள். காலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் மூச்சுப்பயிற்சி சொல்லித்தருகிறவர் வந்து நிற்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். தால்சிம் இல்லை.

ஒரு பழைய உருவத்தில் எதையாவது எடுப்பதற்கு முன், அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும். மாரியோவைப் பாருங்கள். 1981இல் டாங்கி காங் விளையாட்டுக்காக ஷிகேரு மியாமொட்டோ அவனை வரைந்தபோது கிடைத்த இடம் அகலத்தில் 16 திரைப்புள்ளி (பிக்சல்), உயரத்தில் 16 புள்ளி. அதற்குள் மூக்கையும் வாயையும் பிரித்துக் காட்ட முடியவில்லை, மீசை வந்தது. தலைமுடியை வரைவது பெரும்பாடு, தொப்பி வந்தது. ஓடும்போது கை ஆடுவது தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறம், தோள்வார் வைத்த காற்சட்டைக்கு வேறு நிறம். இன்றைய கணினியால் அந்த மீசையின் மயிரை ஒவ்வொன்றாக வரைய முடியும். மீசையை மழிக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மாற்றவே கூடாது என்கிற கட்சியும் எனக்கு ஒத்துவராது. ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் என்கிற இன்னொரு சண்டை விளையாட்டின் மூன்றாம் பாகம் 1994இல் வந்தது, நான்காம் பாகம் 2020இல். அதன் நாயகன் ஆக்சலுக்குத் தாடி வளர்ந்து உடம்பும் பெருத்துவிட்டது என்று பலர் முகம் சுளித்தார்கள். 26 ஆண்டில் எனக்குத் தொப்பையே வந்துவிட்டது, அவனுக்குத் தாடி வரக்கூடாதா? சிவப்புத் தலைக்கட்டு இருந்தது, குத்தும் விதம் இருந்தது. பழைய புள்ளி உருவங்களையும் உள்ளே வைத்திருந்தார்கள். மனம் ஆறாதவர்கள் அவற்றை எடுத்து ஆடிக்கொள்ளலாம். தால்சிமுக்குமே 2016இல் வந்த ஐந்தாம் பாகத்தில் வெள்ளைத் தாடியும் தலைப்பாகையும் வைத்தார்கள். கை மட்டும் பழையபடி நீண்டது.

இனி மண்டையோடு. விளையாட்டை உருவாக்கியவர்கள் எழுதிவைத்த கதையில் அவை கொள்ளைநோயில் செத்துப்போன அவனது கிராமத்துக் குழந்தைகளுடையவை. சண்டையில் விருப்பமில்லாதவன், ஊருக்குப் பணம் சேர்க்கச் சண்டைக்கு வருகிறான். இருபது காசு கொடுத்து ஆடிய எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, திரையிலும் எழுதியிருக்கவில்லை. மண்டையோடு நமக்கு அந்நியமா என்றால், மயிலாப்பூரில் இருப்பவர் கபாலீஸ்வரர். காளி கழுத்தில் வேறென்ன தொங்குகிறது? யோகி, நெருப்பு, மண்டையோடு என்று கேள்விப்பட்டதையெல்லாம் ஒரே உடம்பில் கொட்டிய சோம்பேறித்தனம் அந்த வடிவமைப்பில் உண்டு. அதை உங்கள் கட்டுரையில் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் அந்தக் குவியலில் துக்கம் இருக்கும் இடம் அது ஒன்றுதான். அதையா முதலில் எடுப்பது?

எங்கள் தோட்டத்து முனீஸ்வரன் கதையைச் சொல்ல வேண்டும். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள், பிறகு நிலமே கைமாறியது, கோயில் தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்கு, பெயர்ந்தது. புதுச் சிலைக்கு நிர்வாகக் குழுவில் இருந்த படித்த இளைஞர்கள் பொறுப்பேற்றார்கள். கையில் சுருட்டு வேண்டாம், பிள்ளைகள் வந்துபோகிற இடம் என்று முடிவு செய்தார்கள். சிமெண்டு, நல்ல பளபளப்பான வண்ணம், மீசை, அரிவாள், எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. பாட்டி போய் நின்றார். முகம் மாறியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அரிவாள் இல்லாத அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் எதையும் பிடிக்காமல் பாதி மடங்கியிருந்தன. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்து, அந்தக் கைக்கு நேர் கீழே தரையில் வைத்துவிட்டு வந்தார். மறுவாரம் பார்த்தால் அங்கே நான்கைந்து சுருட்டுத் துண்டுகள் கிடந்தன.

உங்கள் முதல் படத்தை உள்பக்கம் முழுக்கக் கறுப்பாக நிரப்பி, வெளிக்கோடு மட்டும் தெரியும்படி கைபேசியில் வைத்துக்கொண்டு ஒட்டுக்கடைக்குப் போனேன். அன்று என்னோடு சைக்கிளில் வந்தவன் இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். யாரென்று கேட்டேன். தே தாரேக்கைக் கீழே வைத்தான். பதில் சொல்லாமல், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கையை மெல்ல மெல்ல நீட்டி என் நெற்றியில் ஒரு குட்டு வைத்தான். மண்டையோடு, முகம், நிறம் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஒல்லி உடம்பையும் நீண்ட கையையும் வைத்தே பிடித்துவிட்டான். இரண்டாவது படத்தையும் அப்படியே கறுப்பாக்கிக் காட்டினேன். “மல்யுத்தக்காரனா?” என்றான்.

ஆக, மெலிவைத் தொடாதீர்கள். அவன் மெதுவாக நடப்பவன், தாவினால் மிதந்து இறங்குபவன். நீட்டிய கையில் எதிரி அடித்தாலும் அடி அவனுக்குத்தான் விழும். எட்டும் தூரத்துக்கு அவன் கொடுக்கும் விலை அது. 1997இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் மூன்றாம் பாகத்தில் அவனைச் சேர்க்காமல், நீளும் கையை மட்டும் நெக்ரோ என்பவனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். யாரும் அவனைத் தால்சிம் என்று நினைக்கவில்லை.

மூன்றாவது படத்தை வைத்துக்கொண்டு மேலே வேலை செய்யுங்கள். அதில் மண்டையோடுகள் தேங்காய் அளவில் இருக்கின்றன. பயமுறுத்தப் போட்டவை போலத் தெரிகின்றன. குழந்தைகளுடையவை அல்லவா, சிறிதாக்குங்கள். வென்ற பிறகு அவன் என்ன செய்கிறான் என்று ஒரு சட்டகம் வரைந்தால், ஒரு கை அவற்றின் மேல் போகட்டும். அதை மாமாவிடம் காட்டி, அவை யாருடையவை என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கழற்றத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று, அதே படத்தில் இடது கைக்கு ஆறு விரல் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்