கேளுங்கள், சொல்கிறேன்: பாக்கெட் விதையும் பாட்டி விதையும்

கேள்வி: ஐயா, ஹைப்ரிட் மிளகாய் விதை ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டேன். பத்துச் செடியும் ஒரே மாதிரி நீளமாகக் காய்த்தன. அதிலேயே பழுத்த காயிலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டால் ஒன்று குட்டை, ஒன்று வளைசல், ஒரு செடியில் காரமே இல்லை. பக்கத்துத் தொட்டியில் குடைமிளகாய் இருந்தது, அதனாலா? இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகி, செந்தூல்)

பதில்: கடைக்காரரைக் கோபிக்காதீர்கள் அம்மா, அவர் கொடுத்தது சரியான விதைதான். இரண்டு வகைகளைத் தனித்தனியாகப் பல தலைமுறை தன் மகரந்தத்திலேயே காய்க்கவிட்டுச் சீராக்கி, அப்புறம் இரண்டையும் கலந்து எடுக்கும் முதல் தலைமுறைதான் ஹைப்ரிட். ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி, பத்துச் செடிக்கும் அதே கூட்டு, அதனால்தான் அச்சில் வார்த்தது போல வந்தன. அவற்றின் பிள்ளைகளில் அந்தக் கூட்டு கலைந்து, ஒவ்வொன்றுக்கும் வேறு பங்கு கிடைக்கிறது. மரபியலின் முன்னோடியான மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து 1865இல் சொன்னது இதைத்தான்.

காரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குடைமிளகாய் மேல் பழி போடாத ஆளே இல்லை. மிளகாயில் காரம் உண்டாக அவசியமான மரபணு ஒன்றை 2005இல் அடையாளம் கண்டார்கள், ‘பன் 1’ என்று பெயர். அதன் பழுதான பிரதிகள் இரண்டு ஒரே செடியில் சேர்ந்தால் காரம் வராது. உங்கள் ஹைப்ரிட்டில் நல்லது ஒன்றும் பழுது ஒன்றும் இருந்திருந்தால் அது காரமாகத்தான் காய்க்கும், ஆனால் பிள்ளைகளில் நாலில் ஒன்று சப்பென்று வரும். குடைமிளகாயின் மகரந்தம் பட்டதால் அதே காயின் காரம் குறையவே குறையாது. காரம் ஊறுவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியில், அது முழுக்கத் தாய்ச்செடியின் உடம்பு. ஆனால் தேனீ கொண்டுவந்த மகரந்தம் விதைக்குள் போய்விடும், அதன் விளைவு அடுத்த தலைமுறையில் தெரியும். உங்கள் ஹைப்ரிட்டில் ஒரு பழுதான பிரதி இருந்திருந்தால், காரமில்லாத செடிக்கு இந்த இரண்டில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

பிடித்த செடியை விட்டுவிடாதீர்கள். மொட்டாக இருக்கும்போதே கொசுவலைத் துணியால் ஒரு கிளையைக் கட்டிவையுங்கள், மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், கிளையை லேசாக ஆட்டிவிட்டால் போதும். அந்த விதையைப் போட்டு, அதில் நல்லதை மறுபடி கட்டுங்கள். ஹைப்ரிட்டை முதல் தலைமுறை என்று வைத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு, அதாவது தாய் பிரதியும் தகப்பன் பிரதியும் வேறுவேறாக இருக்கும் மரபணுக்களின் பங்கு, பாதியாகும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, ஆறாவதில் ஏறக்குறைய 3. இங்கே குளிர்காலம் கிடையாது, வருடத்துக்கு இரண்டு தலைமுறை எடுக்கலாம். கோலாலம்பூர் அடுக்குமாடி பால்கனியிலேயே சொந்தமாக ஒரு மிளகாய் வகை உருவாக்க முடியும், உண்மையாகவே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டி எஸ்டேட்டில் போட்ட கத்திரி, பச்சையில் வெள்ளை வரி, இன்றும் வீட்டில் காய்க்கிறது. டிஎன்ஏ சோதனை செய்தால் இது என்ன வகை என்று பெயர் தெரியுமா ஐயா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பெயர் டிஎன்ஏவுக்குள் எழுதியிருக்காது தம்பி. இளம் இலை ஒன்றைக் கொடுத்தால் போதும், ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பிரித்து, ஒரே சிறு எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் பார்ப்பார்கள். அது ஒரு வகையில் பத்து முறை வரும், இன்னொன்றில் பதினான்கு முறை வரும். இப்படிப் பல இடங்களை எண்ணி, ஏற்கெனவே பெயர் தெரிந்த வகைகளோடு ஒப்பிடுவார்கள். ஒப்பிட வேண்டிய கத்திரி அவர்களிடம் இல்லையென்றால், எதற்குக் கிட்டத்துச் சொந்தம் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டையே பாருங்கள். 1893இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி அதை இரண்டு ஆர்க்கிட்களின் கலப்பு என்று எழுதினார். அதில் ஒன்று நம் பேராக்கின் கிந்தா சதுப்புகளில் மண்டிக் கிடந்த பூ. எது தாய் என்பதை 2011இல் வெளியான ஆய்வில்தான் பசுங்கணிக (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பு) டிஎன்ஏவை வைத்து உறுதி செய்தார்கள், அது தாய் வழியாக வருவது. கிந்தாப் பூ தகப்பனாம். ஆனால் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தது பூவுக்குப் பெயர் தந்த ஜோக்கிம் அம்மையாரின் கையா, ஏதோ ஒரு பூச்சியா என்பதை எந்த டிஎன்ஏவும் சொல்லாது.

உங்கள் கத்திரியின் கதையும் அப்படித்தான். எந்த எஸ்டேட், எந்த வருடம், பாட்டி அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் உங்கள் வீட்டாருக்குத்தான் தெரியும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, நன்கு பழுத்து மஞ்சளான காயின் விதையோடு சேர்த்து வையுங்கள். இரண்டு வீட்டுக்காவது விதை கொடுங்கள், ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

கேள்வி: மஞ்சள் செவ்வந்தியில் ஒரு கிளை மட்டும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சோதனைக்குக் கொடுக்கலாமா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: வேண்டாம் அம்மா, காசு வீண். அது அந்தக் கிளையில் திடீரென்று நேர்ந்த சிறு மாற்றம், மற்ற எல்லாம் மஞ்சளோடு ஒன்றாக இருப்பதால் வழக்கமான சோதனை இரண்டையும் ஒன்று என்றே காட்டும். வெள்ளைப் பூ விட்ட கிளையிலிருந்து நாலைந்து துண்டு வெட்டி மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். சிலது மஞ்சளுக்கே திரும்பலாம், அதனால் பூத்த பிறகு வெள்ளையை மட்டும் பிரித்து எடுங்கள்.