கேபிள் முறுக்கிக்கொள்ளாதா? (கடிதமும் பதிலும்)

அண்ணாச்சிக்கு வணக்கம்.

காற்றாலை வேலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். வள்ளியூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்னீஷியன்கள் கூட்டம் நடத்துகிறோம். பணகுடி, ராதாபுரம், காவல்கிணறு, ஆரல்வாய்மொழி என்று பல இடத்திலிருந்தும் பல கம்பெனி ஆட்களும் வருவார்கள். சம்பளப் பேச்சு கிடையாது, தொழில் பேச்சு மட்டும்தான். ஆரம்பத்தில் நன்றாகப் போனது. இப்போது ஐடிஐ, டிப்ளமோ முடித்த பையன்கள் நிறைய வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கேள்விகள். 'மேலே தலை சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தொங்குகிற கேபிள் முறுக்கிக்கொள்ளாதா?' என்று கொஞ்ச நாள் முன்னால் ஒரு பையன் கேட்டான். மூத்தவர் ஒருவர், 'ஏல, இதைக் கேக்கவா பஸ் ஏறி வந்த?' என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பையன் அப்புறம் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த அண்ணாச்சியும் வரவில்லை. அனுபவக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள்.

கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். சேரும்போது சின்னதாக ஒரு தேர்வு வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கலாமா என்றும் ஒரு யோசனை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

என்., வள்ளியூர்

*

அன்புள்ள தம்பி,

பிரிக்க வேண்டாம். தேர்வும் வேண்டாம். கேள்வித்தாளை யார் போடுவது என்ற சண்டையிலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள்.

பிரித்தால் புதியவர்கள் கூட்டத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. இரண்டு மூன்று மாதத்தில் தானாக நின்றுவிடும். மூத்தவர்கள் கூட்டம் நிற்காது. ஆனால் கம்பெனிக் கதையும் ஊர்க்கதையுமாகத் திரிந்துபோகும். நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அது போகட்டும், யாரை எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்? 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் மாநிலத்தின் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. அதற்குப் பிறகு முப்பந்தல் கணவாய் முழுக்க நட்ட மிஷின்களில் எத்தனை தலைமுறை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கம்பிக்கூடு மாதிரி நிற்கிற முப்பது மீட்டர் டவர் இன்றும் ஓடுகிறது. நூறு மீட்டரைத் தாண்டிய டவரும் அதே காட்டில் நிற்கிறது. பழைய மிஷின்கள் பலவற்றில் பிளேடு, பிளேடுகளெல்லாம் சேரும் நடுக்குடமான ஹப்போடு அசையாமல் பூட்டியிருக்கும். காற்று அளவுக்கு மீறினால் பிளேடின் முதுகில் காற்றோட்டம் கலைந்து மிஷின் தன்னாலேயே திணறி அடங்கும். புதியவற்றில் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து ஒவ்வொரு பிளேடையும் திருப்பி வைக்கும், பிட்ச் என்பது அதைத்தான். பழையதில் ஊறிய அண்ணாச்சியைப் புதிய மிஷினில் கரண்டை மாற்றிக் கொடுக்கிற கன்வெர்ட்டர் பேனல் முன்னால் நிறுத்திப் பாருங்கள். அவருக்கு அங்கே முதல் நாள். லேப்டாப்பில் எரர் பட்டியலைப் பிரித்து மேய்கிற டிப்ளமோ பையனுக்கு அது விளையாட்டு. ஆனால் அதே பையன் பழைய டவரில் ஏறினால் கியர்பாக்ஸ் சத்தத்தை வைத்துப் பேரிங் போய்விட்டதா என்று சொல்லத் தெரியாமல் முழிப்பான்.

2024இல் தமிழக அரசு பழைய காற்றாலைகளை மாற்றவும் புதுப்பிக்கவும் தனிக்கொள்கையே வெளியிட்டுவிட்டது. உங்கள் மூத்தவர்களில் பல பேர் வரும் வருஷங்களில் புது மிஷினுக்குப் போகத்தான் வேண்டும். அவர்களுக்கும் ஆயிரம் சந்தேகம் இருக்கும். 'அண்ணாச்சி' என்று பட்டம் வாங்கிய பிறகு பத்துப் பேர் முன்னால் கேட்க வாய் வராது. பையன் கேட்டான், சிரிப்பு வாங்கினான். அண்ணாச்சி அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டார், இனி எதையும் கேட்க மாட்டார். கூட்டத்தில் உண்மையில் வாய் மூடிப்போன புதியவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மூத்தவர்கள் ஏன் கழன்றுகொண்டார்கள்? கேபிள் கேள்வியை நூறாவது தடவை கேட்டதால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கென்று ஒன்றும் இல்லை, அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறவருக்கு ஏதாவது வேண்டாமா? உங்கள் கூட்டத்தில் புதியவர்கள் கேள்வியைத்தான் முதலில் எடுப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பையன்கள் காத்திருக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். அதைத் தலைகீழாக்குங்கள். முதல் ஒரு மணி நேரம், யாராலும் தீர்க்க முடியாமல் கிடக்கிற ஒரு பிரேக்டவுனை எடுத்து வையுங்கள். எரர் பட்டியல், போட்டோ, மாற்றிய சாமான், மாற்றியும் சரியாகாத கதை, எல்லாமும். மூத்தவர்கள் மோதட்டும். பையன்கள் வாய் திறக்காமல் கேட்கட்டும். பாதி புரியாது. புரியாவிட்டாலும் ஒரு அனுபவசாலி எதை முதலில் சந்தேகப்படுகிறார், எதைக் கடைசியில் தொடுகிறார் என்பது காதில் விழும். எந்தக் கையேட்டிலும் அது கிடையாது. அப்புறம் கருப்பட்டிக் காப்பி. அதற்குப் பிறகு புதியவர்கள் நேரம். போகிற மூத்தவர் போகலாம் என்று சொல்லிவிடுங்கள். போகலாம் என்றால் நம் ஆட்கள் போக மாட்டார்கள்.

அந்த இரண்டாம் பாதியில் மூத்தவர் பதில் சொல்லக் கூடாது. போன வருஷம் வந்த பையன் சொல்லட்டும். கேபிள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மூத்தவரைக் கேட்டால் 'ட்விஸ்ட் சென்சார் இருக்குல்லா' என்பார், முடிந்தது. அவருக்கு அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் அடக்கம். பையனுக்கு ஒன்றும் விளங்காது. போன வருஷத்துப் பையன் வேறு மாதிரி சொல்வான். காற்று திரும்பினால் டவர் உச்சியில் இருக்கிற தலையும், அதாவது நாசெல்லும், அதைக் காற்றுக்கு நேராகத் திருப்புகிற யா மோட்டாரால் திரும்பும், அப்போது டவருக்குள் தொங்குகிற கேபிளும் சேர்ந்து முறுக்கும், அது உண்மைதான். முறுக்கட்டும் என்றுதான் கேபிளைத் தளர்வாக விட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று ஒரு சின்ன கவுண்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். வரம்பைத் தொட்டால் மிஷின் தானாக நின்று, எதிர்ப்பக்கமாகச் சுற்றி முறுக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓடும். நல்ல காற்றில் மிஷின் சும்மா நின்று மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துக் கோளாறு என்று பதறிப் போன் செய்ததையும் சேர்த்துச் சொல்வான். அவன் எங்கே தடுக்கி விழுந்தான் என்பது அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. மூத்தவருக்கு மறந்துபோய் வெகுகாலம் ஆகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்து தப்பாகச் சொன்னால் மட்டும் திருத்தினால் போதும்.

ஆனால் எல்லா எளிய கேள்வியையும் இப்படித் தள்ளிவிடாதீர்கள். ஒரு பையன் நிச்சயம் கேட்பான்: 'அண்ணாச்சி, கரண்ட் தயாரிக்கிற மிஷின் எதுக்குக் கரண்ட் வாங்குது?' மீட்டரில் வாங்கிய கணக்கு ஓடுவதைப் பார்த்திருப்பான். 'யா மோட்டார், பேனல், விளக்குக்கு' என்று சொல்லி உட்கார வைத்துவிடலாம். தப்பில்லை, பாதி பதில். மீதிப் பாதிதான் விஷயம். பழைய மிஷின்களில் இருப்பது இண்டக்ஷன் ஜெனரேட்டர். அதற்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. காந்தப்புலத்தை உண்டாக்க கிரிட்டிலிருந்து, அதாவது மின்வாரியக் கம்பியிலிருந்து, ரியாக்டிவ் பவரை இழுத்தாக வேண்டும். வேலை எதுவும் செய்யாமல் காந்தப்புலத்துக்காக மட்டும் போய்வருகிற பவர் அது. கிரிட் போனால் எவ்வளவு காற்று அடித்தாலும் மிஷின் நிற்பது அதனால்தான். அந்தப் பவரைப் பக்கத்திலிருந்தே கொடுத்து இழுப்பைக் குறைக்கத்தான் கீழே பேனலில் கெப்பாசிட்டர் வரிசை. நம் ஊர் வெயிலில் அடைத்த பேனலுக்குள் கிடந்து வருஷக்கணக்கில் வெந்தால் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றாகச் சாகும். மிஷின் நிற்காது, எரர் வராமலும் போகலாம். உற்பத்தி வழக்கம்போல் இருக்கும். ரியாக்டிவ் யூனிட் மட்டும் ஏறும், மின்வாரியம் அதற்குத் தனியாகக் கட்டணம் போடும், முதலாளி மாசக் கடைசியில் பில்லைப் பார்த்துக் கத்துவார். 'அது அப்படித்தான்ல' என்று பையனை அடக்கிய அண்ணாச்சி, தன் சைட்டில் எத்தனை கெப்பாசிட்டர் உயிரோடு இருக்கிறது என்று கடைசியாக எப்போது அளந்து பார்த்தார்? இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அதைத் தூக்கி முதல் பாதிக்குக் கொண்டுபோங்கள்.

எதைத் தூக்குவது, எதை விடுவது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு ஆள் வேண்டும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டிருப்பீர்கள். புலவர் கதையை இழுத்துக்கொண்டு போகும்போது பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டுக்கொண்டே வருவார். நடுவில், 'அது யாரு? அவ எதுக்கு அங்க போனா?' என்று கேட்பார். அவருக்குக் கதை தலைகீழ்ப் பாடம். பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் கேட்கிறார். உங்கள் மூத்தவர்களில் கூச்சம் இல்லாத ஒருவரைப் பிடித்து அந்த வேலையைக் கொடுங்கள். முதல் பாதியில் பேச்சு உயரப் பறக்கும்போது, 'இரும்வே, அந்தக் கன்வெர்ட்டர் என்ன செய்யுது, அதை முதல்ல சொல்லும்' என்று அவர் கேட்கட்டும். அவரே கேட்டுவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கேட்க வாய் வராத மற்ற அண்ணாச்சிகளுக்கும் அதில் ஓசியில் பதில் கிடைத்துவிடும்.

பையன்கள் பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். சோம்பேறிக் கேள்வி என்று ஒன்று இருக்கிறது. 'மிஷின் நின்னுட்டு, என்ன செய்ய?' என்பதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த மிஷின், அப்போது காற்று என்ன வேகம், எரர் நம்பர் என்ன, நிற்பதற்கு முன்னால் என்ன நடந்தது, நீ என்னென்ன பார்த்தாய்? இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சொல்ல ஆரம்பிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். கையேட்டைப் பார் என்று விரட்டுவதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். காற்றாலைகளைச் சோதிக்கிற தேசிய நிலையம் நமக்கு வடக்கே கயத்தாறிலேயே இருக்கிறது. ஆனாலும் பையன் கைக்கு வருகிற கையேடு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழ்வழி ஐடிஐ பையன் அதில் படத்தை மட்டும்தான் பார்ப்பான். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேள்வியையும் பதிலையும் நம் ஆட்கள் பேசுகிற மாதிரியே ஒரு நோட்டில் எழுதட்டும். யா, பிட்ச், ஹப் எல்லாம் அப்படியே இருக்கட்டும், யாரும் தமிழ்ப்படுத்திக்கொண்டிருக்க வேண்டாம். புதிதாக வருகிறவன் கையில் வாசலிலேயே அந்த நோட்டைக் கொடுங்கள். அதில் இருக்கும் கேள்வியையே மறுபடி கேட்டால் பக்கத்தைக் காட்டினால் போதும்.

இவ்வளவு சொன்னதில் ஒரு இடத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. உடம்பில் மாட்டுகிற பாதுகாப்பு வாரான ஹார்னஸை எப்படிப் போடுவது, ஏணியை விட்டு மாறும்போது அதன் கொக்கிக் கயிறான லேன்யார்டு இரண்டில் ஒன்று எப்போதும் மாட்டியே இருக்க வேண்டுமா, பிளேடு சுற்றாமல் பூட்டுகிற ரோட்டர் லாக் போடாமல் ஹப்புக்குள் ஒரு நிமிஷம் தலையை விடலாமா, சுவிட்சை அணைத்த பிறகு கெப்பாசிட்டரைத் தொடலாமா? கடைசிக் கேள்விக்குப் பலி ஆகிறவன் பெரும்பாலும் அணைத்துவிட்டோமே என்ற தைரியத்தில்தான் கை வைப்பான். அணைத்த பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும், அதைப் போக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை போக வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் போன வருஷத்துப் பையன் பதில் சொல்லக் கூடாது. நோட்டில் பக்கத்தைக் காட்டவும் கூடாது. கூட்டத்தில் இருப்பவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, முதல் தடவை சொல்வது மாதிரி முழுதாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும், யாரும் கேட்காவிட்டாலும். இது பையன்களுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். 'எத்தனை வருஷமா ஏறுதேன்' என்று லேன்யார்டு மாட்டாமல் நாசெல் கூரையில் நடக்கிறவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்கிறவர் வாயால் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் மறுநாள் மேலே அவருக்கும் மாட்டாமல் இருக்கக் கூச்சமாக இருக்கும்.

அந்தப் பையனை நீங்களே போய்க் கூப்பிடுங்கள், ஆள் விட வேண்டாம். அவன் இப்போது எங்கோ ஒரு டவரில் தெரியாததைக் கேட்காமலேயே செய்துகொண்டிருப்பான், எனக்கு அதுதான் கவலை. அண்ணாச்சியை வேறு விதமாகக் கூப்பிட வேண்டும். மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் போனால் வீம்பு பிடிப்பார். 'ஒரு மிஷின் ரெண்டு மாசமா படுத்துது, யாருக்கும் பிடி கிடைக்கல, நீங்க வந்து பாத்தாத்தான்' என்று எரர் பட்டியலை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வந்துவிடுவார்.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்கு. அதனால் காற்று பலமாக அடிக்கிற ஆனி, ஆடியில் மிஷின் ஒரு மணி நேரம் நின்றாலும் மேலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் யாருக்கும் ஞாயிறும் கிடையாது, பொறுமையும் கிடையாது. அப்போது கூட்டம் போட்டால் சிடுசிடுப்புதான் மிஞ்சும். ஐப்பசி முதல் பங்குனி வரை மாதாமாதம் நடத்துங்கள், வைகாசியில் ஒன்றோடு நிறுத்திவிட்டு, சீசன் முடிந்ததும் தொடங்குங்கள்.

ஐம்பது ரூபாய் விஷயம். மண்டப வாடகையும் காப்பிச் செலவும் எவ்வளவோ அதை மட்டும் பிரித்து வாங்குங்கள். முதல் வருஷப் பையன்களிடம் வாங்க வேண்டாம். பாதிப் பேர் காண்ட்ராக்டில் இருப்பார்கள், சம்பளமே தேதிக்கு வராது.