யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ: எத்தனை மணித்தியாலப் பயணம்?

கேள்வி: 68 வயது அம்மாவைத் தனியே ரொறன்ரோவுக்கு அனுப்புகிறோம். தூரம் எவ்வளவு, எவ்வளவு நேரம் எடுக்கும்? யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வழியாகப் போனால் சுகமா?

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ, பூமியின் வளைவோடு அளந்தால் ஏறத்தாழ 14,000 கி.மீ. நேர் விமானம் கிடையாது. டுபாய் வழி போனால் 3,300, பிறகு 11,100 என்று 14,400 கி.மீ. வரும், சுற்று 400 கி.மீ.தான். ஆகவே தூரத்தைப் பார்த்து வழியைத் தெரிவு செய்யாதீர்கள். பறப்பு டுபாய்க்கு நாலரை முதல் ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து ஏறத்தாழ 14. மிச்சமெல்லாம் இடைத்தங்கல். அம்மாவுக்கு 3 முதல் 4 மணித்தியாலம் இருக்கட்டும். முதல் விமானம் கொஞ்சம் பிந்தினாலே, ஒன்றரை மணித்தியால இடைவெளியில் அடுத்ததைப் பிடிப்பது வயதானவருக்குப் பெரும்பாடு.

ரிக்கெற்றில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நம் நேரத்திலிருந்து ஒன்பதரை மணித்தியாலம் பின், மற்ற மாதங்களில் பத்தரை. ஜூலையில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு அன்றிரவு 11.30க்கு இறங்கினால் பதின்மூன்றரை என்று தோன்றும். ஒன்பதரையைக் கூட்டுங்கள், 23 மணித்தியாலம்.

அதற்கு முன் வீதிப் பயணம் இருக்கிறது. விமான நிலையத்தில் 3 மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும். இரவு பஸ்ஸுக்கு 8, 9 மணித்தியாலம் போகும். வழியில் பிந்தினாலும் சமாளிக்க, காலை 10 மணி விமானத்துக்கு முதல்நாள் இரவு 8 மணிக்கே வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். வீட்டிலிருந்து ரொறன்ரோ வரை 37 மணித்தியாலம். இறங்கியபின் குடிவரவு, பொதி எல்லாம் முடிய இன்னும் ஒன்றிரண்டு. புத்தளம், நீர்கொழும்பு வழி பஸ் என்றால் கட்டுநாயக்காவிலேயே இறங்கலாம். ரயில் கொழும்புக் கோட்டைக்குப் போய்விடும். அங்கிருந்து 30 கி.மீ. திரும்பி வரவேண்டும்.

பலாலி–சென்னை 350 கி.மீ. அளவுதான். வீதி அலைச்சல் இல்லாததால் மனம் அந்தப் பக்கம் போவது நியாயமே. ஆனால் தனித்தனி ரிக்கெற் என்றால் அம்மா சென்னையில் குடிவரவைத் தாண்டிப் பொதியை எடுத்து மறுபடி கையளிக்க வேண்டும், அதற்கு இந்திய விசா தேவை. முதல் விமானம் பிந்தி அடுத்தது போய்விட்டால் பணமும் போய்விடும். பலாலிக்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானம் என்பதால் பொதி எடை வரம்பையும் முதலிலேயே கேளுங்கள். எங்கள் ஆலோசனை, கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ வரை ஒரே ரிக்கெற். பொதியில் கட்டும் சீட்டில் ரொறன்ரோவின் ‘வை.வை.இஸட்’ குறியீடு இருக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி உதவியை 48 மணித்தியாலத்துக்கு முன்பே பதியுங்கள். நடக்கக் கூடியவர் என்றாலும் இடைத்தங்கலில் அடுத்த வாசலுக்கு ஆள் கூட்டிப்போய் விடுவார்கள்.

திரும்பும்போது மேல்காற்று மேற்கிலிருந்து தள்ளுவதால் பறப்பு ஒரு மணித்தியாலம் அளவில் குறையும், ஆனால் திகதி இரண்டு தாண்டும். கோடையில் திங்கள் இரவு 9 மணிக்கு ரொறன்ரோவில் ஏறி 21 மணித்தியாலத்தில் வந்தால், இங்கே புதன் அதிகாலை 3.30. அழைக்கப் போகும் வான் செவ்வாய் மாலை 7 மணிக்கே யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட வேண்டும்.