வீட்டிலேயே பிள்ளைக்குக் கால்பந்து பாஸும் பந்துக் கட்டுப்பாடும் எப்படிப் பழக்குவது?

7 வயதுப் பிள்ளையோடு வீட்டில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் பந்தை நிறுத்துவதிலிருந்து ஆரம்பியுங்கள், உதைப்பது அப்புறம். என் மகளுக்கு நான் முதலில் உதைக்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் திருப்பி அனுப்பும் பந்து அவள் காலில் பட்டு நாலடி தள்ளித் தெறிக்கும். பாதி நேரம் பந்தைத் துரத்துவதிலேயே போனது.

ஒருநாள் பக்கத்து அறையில் அவள் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். "பந்து காலில் படுற சத்தமே கேட்கக் கூடாது, தம்பி எழுந்துடுவான்" என்றேன். அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. காலை விறைப்பாக வைத்திருந்தால் 'டொப்' என்று சத்தம் வரும், பந்தும் தெறிக்கும். பந்து தொடுகிற நொடியில் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் வாங்கினால் வேகம் அடங்கி அது காலடியிலேயே நின்றுவிடும். நான் வாயால் பலமுறை சொல்லியும் வராத அந்த அசைவு, சத்தம் வராமல் பிடிக்கப் பார்த்தபோது அவளுக்குத் தானாக வந்தது. இன்றும் எங்கள் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. பந்தைத் தரையோடு மெதுவாக உருட்டி அனுப்புங்கள். சத்தமில்லாமல் நிறுத்த வந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

பாஸுக்குப் பாதத்தின் உட்பக்கம்தான். விரல்களைச் சற்று மேலே தூக்கி, கணுக்காலை ஆடாமல் இறுக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பாஸ் கோணலாகப் போனால் நான் உதைத்த காலைவிட ஊன்றிய காலைத்தான் முதலில் பார்ப்பேன். அது பந்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், விரல்கள் பந்து போகவேண்டிய பக்கம் பார்க்க வேண்டும். "உன் கட்டைவிரல் அப்பாவைப் பார்க்குதா?" என்று கேட்டாலே அவள் குனிந்து பார்த்துச் சரிசெய்துகொள்வாள்.

பந்து அளவையும் கவனியுங்கள். 8 வயதுக்குள் 3ஆம் எண், 8 முதல் 12 வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண் என்பதுதான் பொதுவான வழக்கம். வீட்டுக்குள் என்றால் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், அவ்வளவாகத் துள்ளாது. வழுவழுப்பான தரையில் சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான் நல்லது.

தனியாகப் பழக, நின்ற இடத்திலேயே இரண்டு உட்பாதங்களுக்கும் இடையில் பந்தை மாற்றி மாற்றித் தட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் பழகியதும் எதிரே நின்று விரல்களைக் காட்டுங்கள், தட்டிக்கொண்டே எத்தனை என்று பிள்ளை சொல்ல வேண்டும். பந்தையே குனிந்து பார்க்கிற பழக்கம் இதில் நன்றாகவே குறையும். சரியாக உதைக்க வராத காலுக்கான பயிற்சியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். களைப்பு வரும் முன்பே, முதல் ஐந்து நிமிடம் அந்தக் காலுக்குத்தான்.

மொத்தம் 15 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம். மற்ற தப்பெல்லாம் கண்ணில் பட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை. "இன்னும் அஞ்சு பாஸ்ப்பா" என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிடுவேன். மறுநாள் பந்தை எடுத்துக்கொண்டு அவளே வந்து நிற்பாள்.