எஸ்டிமேட்டில் எதை வெட்டுவது, ரேடியேட்டரில் எதை ஊற்றுவது?

கேள்வி: என்னுடையது 2019 மாடல் பெட்ரோல் கார், 32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்டபோது 14,600 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஆயில் மாற்றுவதோடு இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் என்று பட்டியல் நீள்கிறது. "இதெல்லாம் செய்தால்தான் இன்ஜின் தாங்கும்" என்கிறார் அங்கிருப்பவர். எதற்குச் சரி சொல்வது?
– வாசகர், காட்பாடி

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காரோடு வந்த புத்தகத்தை எடுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமலே கிடக்கும். எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை அதில் இருக்கிறது. காரைச் செய்த கம்பெனியே போட்ட கணக்கு அது. எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். அட்டவணையில் இல்லாத வேலைக்கு, "என் வண்டியில் என்ன கோளாறு கண்டீர்கள், காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் கட்டாயம். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அதுதான் கெடு. அந்தக் கெடுவில் ஆயில் மாற்றி வந்த இன்ஜினுக்கு ஃப்ளஷ், அதாவது மருந்து ஊற்றி உள்ளே கழுவுவது, தேவையில்லை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கிளீனிங்கும் அப்படித்தான். ஐடிலில் (ஓடாமல் நிற்கும்போது) வண்டி உதறினாலோ, இழுவை குறைந்தாலோ, மைலேஜ் சட்டென்று விழுந்தாலோ செய்யலாம். நன்றாக ஓடும் வண்டிக்கு எதற்கு? அண்டர்பாடி கோட்டிங்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அடிப்பாகத்தைத் துருப்பிடிக்க வைக்கும் கடற்காற்று காட்பாடியில் கிடையாது. ஏசி நாற்றம் வந்தால் முதலில் கேபின் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். பல கார்களில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது, வீட்டிலேயே மாற்றலாம்.

நீங்கள் எழுதிய பட்டியலில் பிரேக் ஆயில் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், சூட்டில் ஆயிலுக்குள் ஆவிக் குமிழ் உண்டாகி பெடல் தொளதொளவென்று உள்ளே போய்விடலாம். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பழைய பில்களில் தேடுங்கள். இல்லையென்றால் இந்தத் தடவையே சேர்க்கச் சொல்லுங்கள்.

வேண்டாததை அடித்துவிட்டு, மீதிக்கு மட்டும் ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் தாளில்) கையெழுத்திடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. சொல்லாத வேலையைச் செய்துவிட்டுப் பணம் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. அப்புறம் இன்னொன்று: சென்னையிலோ பெங்களூரிலோ சர்வீஸ் விட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: எங்கள் பழைய காரில் வெயில் காலம் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைகிறது. வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். கூலன்ட் வாங்குவது வீண் செலவு என்கிறார் என் கணவர். சரிதானா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லைம்மா. அந்த போர் தண்ணீர்தான் உங்களுக்குப் பெரிய செலவு வைக்கப்போகிறது. வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். அடைப்பு கூடக் கூடச் சூடு வெளியேறாது. நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது எதிர்க்காற்றும் கிடையாது, ரேடியேட்டர் ஃபேன் ஒன்றுதான் துணை. இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். அந்த ரிப்பேர் செலவில் பல வருடத்துக்குக் கூலன்ட் வாங்கலாம்.

கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அதோடு துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் உண்டு. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சரிபாதி கலந்த கூலன்ட் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அந்த வரம்பு இன்னும் மேலே போகும்.

ஆனால் உங்கள் கேள்வியில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு, அதில் அடிக்கடி குறையக் கூடாது. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, ஹோஸ் மாட்டியிருக்கும் இடங்களில் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் உள்பக்க ரப்பர் வெடித்திருந்தாலும் தண்ணீர் போகும். வண்டி நின்ற இடத்தில் தரை ஈரமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள், ஏசியிலிருந்து சொட்டும் சுத்தமான தண்ணீரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடைசியாக ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் சேர்த்து பால் கலந்த காபி நிறத்தில் பசை தெரிந்தால் தண்ணீர் ஆயிலோடு சேர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.

ஒழுகலைச் சரிசெய்த பிறகு ரேடியேட்டரைக் கழுவிக் கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். ரெடிமிக்ஸ் வாங்கினால் அப்படியே ஊற்றலாம். கெட்டியானது என்றால் டப்பாவில் போட்டிருக்கும் அளவில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே கலக்க வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நிற முறை கிடையாது. உங்கள் காரின் புத்தகத்தில் எந்த வகை என்று இருக்கும். மீதியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்புச் சுவை இருக்கும், ஆனால் விஷம்.

நெடுஞ்சாலையில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். நன்றாக ஆறிய பிறகு, வேறு வழியில்லாவிட்டால் கேன் தண்ணீர் ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். அங்கே போனதும் மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: ஓய்வு பெற்றவன் நான். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் கார், வருடத்துக்கு 2,000 கி.மீ. கூட ஓடாது. வருடா வருடம் ஆயில் மாற்ற வேண்டுமா?
– வாசகர், பாகாயம்

பதில்: மாற்றத்தான் வேண்டும் ஐயா. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். பேட்டரியும் முழுதாகச் சார்ஜ் ஆகாது. வீட்டு வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயனில்லை. வாரம் ஒருநாள் ராணிப்பேட்டை வரை ஓட்டிப் போய்த் திரும்புங்கள்.

கேள்வி: எங்கள் மெக்கானிக் எல்லாக் காருக்கும் ஒரே 20டபிள்யூ-40 ஆயிலை ஊற்றுகிறார். "இந்த வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: அந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. பழைய கார்களில் அது ஓடியிருக்கும். இன்றைய இன்ஜின்களில் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற இளகிய ஆயிலைத்தான் கம்பெனி சொல்கிறது. பாகங்களுக்கு இடையே விடும் இடைவெளியும் ஆயில் பம்ப்பும் அதற்கேற்றபடிதான் அமைந்திருக்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். புகை வடிகட்டி வைத்த பி.எஸ்.6 டீசல் என்றால் சாம்பல் குறைந்த ஆயிலே வேண்டும், தவறானதை ஊற்றினால் வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம். புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து, நீங்களே சீல் உடையாத டப்பாவை பில்லோடு வாங்கிக் கொடுங்கள். உங்கள் கண்ணெதிரே உடைத்து ஊற்றட்டும். காலி டப்பாவைக் கடையில் விட்டுவிட்டு வராமல் ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் யாராவது கலப்பட ஆயில் நிரப்பி அதே டப்பாவில் விற்பார்கள்.