எனக்கு அழைப்பு இருக்கிறதா? ஊழியம் பற்றிச் சில கேள்விகள்

சென்னையில் எங்கள் சபை வாலிபர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. சபைக்கு வெளியிலிருந்து ஒரு நண்பரும் கேட்டிருக்கிறார். வடக்கே மிஷனரியாக இருந்து வந்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

வியாசர்பாடி தம்பி: அண்ணா, முழுநேர ஊழியத்துக்குக் கர்த்தரின் அழைப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தரிசனம் வர வேண்டுமா?

வரலாம், வராமலும் போகலாம். ஐடா ஸ்கடர் என்ற பெண் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும் மிஷனரி ஆகவே கூடாது என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் வைத்தியரை அவர்கள் வீட்டுக்குள் விட முடியாது. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900ல் திரும்பி வந்தார், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அப்படித்தான் பிறந்தது. கர்த்தர் அவரை அழைத்தது அந்த மூன்று கணவர்களின் வாய்வழியாகத்தான் என்று நான் நம்புகிறேன்.

யாரைப் பற்றிய பாரம் உன் மனதை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது என்று பார். அப்புறம் போதகரிடம் சொல். வேதத்தில் அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது. உன்னை அறிந்த சபை அனுப்பட்டும். கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீரோடு கை தூக்கியதை மட்டும் வைத்து வேலையை ராஜினாமா செய்யாதே.

பெரம்பூர் சகோதரி: வேலையில் இருந்துகொண்டே ஊழியம் செய்தால் அது குறைவா?

இல்லவே இல்லை. கொரிந்துவில் பவுலே கூடாரம் செய்து பிழைத்தார்.

அண்ணாநகர் நண்பர்: சார், நான் இந்து. எங்களை மதம் மாற்றுவதுதானே உங்கள் நோக்கம்?

நேராகக் கேட்டதற்கு நன்றி. இயேசுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட வேண்டும், ஏற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பது என் ஆசை. அதை மறைக்க மாட்டேன். முடிவு உங்களுடையது. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அரிசியையோ ஸ்கூல் சீட்டையோ காட்டி ஒருவரை ஞானஸ்நானத்துக்குக் கூட்டி வருவது பாவம் என்றே எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உதவி தேவையா, மதம் கேட்காமல் செய். நீங்கள் வேண்டாம் என்றால் இயேசுவைப் பற்றிய கைப்பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நட்பை விடாமல் இருப்பவன்தான் நல்ல ஊழியக்காரன்.

ராயபுரம் தம்பி: பணித்தளத்துக்குப் போனதும் முதல் வேலை என்ன?

மொழி. 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது 1715ல். கிராமத்தார் பேசுவது புரியாமல் பிரசங்கம் பண்ண அவசரப்படாதே. முதல் வருடம் காதுக்குத்தான் வேலை.

ராயபுரம் தம்பி மறுபடியும்: காணிக்கை எங்கே போகிறது என்று கேட்கலாமா?

கேள். ரசீதும் தணிக்கை செய்த கணக்கும் காட்டாத ஊழியத்துக்குக் கொடுக்காதே. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த வி.எஸ். அசரியா, 1903ல் நண்பர்களோடு திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது இந்தியரின் பணமே போதும் என்றார்கள். தெற்கே உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்து வைக்கும் அம்மாக்கள் உண்டு. அந்த அரிசிக்குக் கணக்குச் சொல்லத் தெரியாதவன் ஊழியத்துக்கு வரக் கூடாது.

கொளத்தூர் தங்கை: நான் மிஷனரியாகப் போக அம்மா சம்மதிக்கவில்லை.

அம்மாவின் பயத்தை அவிசுவாசம் என்று சொல்லிவிடாதே. எங்கே தங்குவாய், உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள், கல்யாணம் எப்போது என்று அவர்கள் கேட்பது நியாயமானது. அனுப்பும் சங்கத்திடமே இதையெல்லாம் விசாரித்துத் தெளிவான பதிலை வாங்கு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவைக் கூட்டி வா. என் மனைவியும் பேசுவாள்.